திருமலை என்று தேடினால் திருப்பதி: உப்புவெளிப் பயணத் தளம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலைக்காரருக்குத் தம் ஊர் திருமலைதான். பஸ்ஸில் கேட்பதும் கடிதத்தில் எழுதுவதும் அந்தப் பெயரே. அதே சொல்லைத் தமிழில் கூகுளில் தட்டிப் பாருங்கள், முன்னால் வந்து நிற்பது ஏழுமலையானின் திருப்பதி. ஊரைப் பற்றி எழுதும் தளம் ஒன்று தன் கட்டுரைகளில் பாதிக்கு ‘திருமலையில்...’ என்று தலைப்பு வைத்திருந்தால், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேடுகிறவர் கண்ணில் அது படாது. இந்த ஆய்வு அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி நிகழ்வு. திருகோணமலையை அடுத்த கடற்கரை ஊரான உப்புவெளியிலிருந்து இரண்டு பேர் நடத்தும் தமிழ்ப் பயணத் தளம், ஏறத்தாழ 60 கட்டுரைகள், மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்ய இயலாத நிலை. இவ்வகைத் தளங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் குறைகளை ஒரே தளத்தின் மேல் வைத்து, ஓராண்டுக்குள் எதை எந்த வரிசையில் சரிசெய்வது என்று பார்க்கிறோம். கீழே வரும் கணக்குகள் விளக்கத்துக்கானவை. கருவிகளின் அளவுகளும் விதிகளும் நடைமுறையில் உள்ளவை.

தளத்தின் வழக்கம் இப்படி இருந்தது. கட்டுரை வெளியாகும். அன்று மாலையே அதன் லிங்க் 30 முகநூல் குழுமங்களில் ஒட்டப்படும். அடுத்த நாள் வருகை எகிறும், மூன்றாம் நாள் பழையபடி தரையில் கிடக்கும். வரைபடத்தைப் பார்த்தால் பனைமரங்களை வரிசையாக நட்டதுபோல் இருக்கும். இன்னும் 30 குழுமங்களைச் சேர்ப்போம், கொஞ்சம் விளம்பரமும் போடுவோம் என்பது நடத்துவோரின் எண்ணம். அது பிழையான மருந்து. ஒரே லிங்கைக் குறுகிய நேரத்துக்குள் பல குழுமங்களில் ஒட்டும் கணக்கை முகநூல் குப்பைத்தபால் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பதிவுகளின் வீச்சு குறையலாம், பகிரும் உரிமையே சில நாட்களுக்கு முடங்கலாம். வாசகர் நிலைக்காததற்குக் காரணம் பரப்புரை போதாமை அல்ல. கட்டுரைகளைத் தேடி வரக்கூடியவருக்கு அவை கண்ணில் படவே இல்லை.

எழுத்தே எழுத்தாக இல்லை

முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாக்கியத்தை நகலெடுத்து, சாதாரண குறிப்பேட்டுச் செயலியில் ஒட்ட வேண்டும். தமிழாகவே விழுந்தால் சரி. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக விழுந்தால் அது பாமினி. இலங்கையில் அச்சகம், பாடசாலை, பத்திரிகை என்று ஒரு தலைமுறையே பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியது. அந்த விசைப்பலகைப் பழக்கத்தில் தவறில்லை, யூனிகோடு எழுத்தையே பாமினி அமைப்பில் தட்டலாம். ஆனால் பாமினி எழுத்துருவில் சேமித்த உரை தமிழ் அல்ல, தமிழ் உருவம் பூண்ட ஆங்கில எழுத்து. கூகுள் அதைத் தமிழாக வாசிக்காது. இந்தத் தளத்தில் கோவில் வரலாறு பற்றிய பழைய கட்டுரைகள் பல அப்படித்தான் இருந்தன. இன்னும் சில கட்டுரைகளில் படகு நேரம், கட்டணம், தொடர்பு எண் எல்லாம் போஸ்டர் படத்துக்குள் இருந்தன. படத்துக்குள் உள்ள எழுத்தை நம்பித் தேடலில் இடம் எதிர்பார்க்க முடியாது.

மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் மாற்றிய பிறகு வருகிறது. பழைய உரைகளில் ‘பௌர்ணமி’ என்பது பெரும்பாலும் ஒற்றைக்கொம்பு, ப, அதன்பின் ளகரம் என்று ‘பெளர்ணமி’யாகத் தட்டப்பட்டிருக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். போயா (பௌர்ணமி) விடுமுறை பார்த்துப் பயணம் போடும் நாட்டில் இது சின்னப் பிழை அல்ல. இதைக் கண்டவுடன் சிலர் தளம் முழுவதும் ‘ெள’ என்பதை ‘ௌ’ என்று ஒரே அழுத்தில் மாற்றிவிடுவார்கள். நிலாவெளி, உப்புவெளி இரண்டும் அந்த நொடியில் நாசம். ‘வெளி’யில் இருப்பது உண்மையான ளகரம்! நிலாவெளிப் பக்கம் எழுதும் தளம் இந்த மாற்றத்தைச் சொல் சொல்லாகத்தான் செய்ய வேண்டும்: பௌர்ணமி, சௌகரியம், மௌனம், பௌத்தம், கௌரவம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவது. ‘ஸ்ரீ’ எழுத்தும் அப்படியே. அது இரண்டு விதமாகக் குறியிடப்படுகிறது, ஒரு தளத்துக்குள்ளாவது ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

முகவரியிலும் இதே பாடு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், கால், கொம்பு, புள்ளி உட்பட, யூனிகோடு குறியீட்டில் 3 பைட். அதை இணைய முகவரியாக நகலெடுத்தால் ஒவ்வொன்றும் 9 எழுத்தாக விரியும். ‘திருகோணமலை’யில் இருப்பவை 10 குறிகள், ஒட்டும்போது வருவது 90 எழுத்து நீளமான விழுக்காட்டுக் குறி வால். வட்ஸ்அப்பில் அதைக் கண்டவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இன்னொரு வரம்பும் உண்டு: கட்டுரையின் முகவரிப் பகுதி 200 பைட்டில் வெட்டப்படும். நிலாவெளிக்கு அப்பாலுள்ள சிறு தீவான புறாமலை பற்றி ‘புறாமலைக்குப் போவது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் விரித்த நீளம் 218. கடைசி இரண்டு குறிகள் விழுந்து, முகவரி ‘புறாமலைக்குப் போவது எப்ப’ என்று நிற்கும். கேள்வியே மாறிவிடுகிறது. (எப்ப போவது என்பதற்கான பதிலும் வாசகருக்கு வேண்டியதுதான், அது பிறகு.) தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று, நான்கு சொல்லாகக் கைப்பட எழுதுவதே வழி. ஏற்கனவே வெளியான பக்கங்களின் முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 வழிமாற்றம் (நிரந்தரமாக இடம் மாறியது என்ற அறிவிப்பு) கட்டாயம். வேர்ட்பிரஸ் பெரும்பாலும் தானாகவே அனுப்பிவிடும், ஆனாலும் பத்துப் பக்கங்களையாவது கையால் திறந்து பார்க்க வேண்டும்.

எந்தப் பெயரில் தேடுகிறார்கள்

தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோல் இலவசம், 16 மாதத் தரவை வைத்திருக்கும். இறுதி எண்கள் இரண்டு, மூன்று நாள் பிந்தியே வரும் என்பதால் தினமும் திறந்து பார்ப்பதில் பயனில்லை. இந்தத் தளத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது தேடற்சொல் பட்டியல்: சராசரி இடம் 8 முதல் 20 வரை, காட்டப்பட்ட தடவை அதிகம், சொடுக்கு குறைவு. இப்படியான சொற்களில்தான் உடனடி ஆதாயம். உதாரணமாக 1,000 தடவை காட்டப்பட்டு 12ஆம் இடத்தில் நிற்கும் சொல்லுக்கு 8 சொடுக்குகள் வந்தால், வாசகர் இருக்கிறார், நாம்தான் இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறோம் என்று பொருள்.

அடுத்தது வினாச்சொல் வடிகட்டி. தேடற்சொல் வடிகட்டியில் வழக்கமான ‘அடங்கும்’ என்பதற்குப் பதிலாக ரெஜெக்ஸ் (பல சொற்களை ஒரே கோவையில் தேடும் முறை) தேர்வை எடுத்து, எப்படி, எப்போது, எவ்வளவு, எங்கே, நேரம், கட்டணம் ஆகிய சொற்களை இடையில் செங்குத்துக் கோடு போட்டு எழுதினால், மக்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் வடிந்து நிற்கும். கோணேசர் கோவில் நடை திறக்கும் நேரம், கோட்டைக்குள் வாகனம் விடுவார்களா, கன்னியா வெந்நீரூற்றுக்கு ஓட்டோ போகுமா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இலங்கையருக்குப் புறாமலையில் எந்தக் கட்டணம். தளத்திலோ பிரெட்ரிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் எந்த நூற்றாண்டில் கட்டினார்கள், திருஞானசம்பந்தர் கோணேச்சரத்தைப் பாடியது எப்படி என்பதெல்லாம் விரிவாக இருந்தது, வாசலில் செருப்பை எங்கே விடுவது என்பது இல்லை. வரலாற்றை நீக்கச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கான பதில் முதல் மூன்று வரிக்குள் வரட்டும், வரலாறு அதன்பின் ஆற அமர வரட்டும்.

பெயர்ச் சிக்கலுக்கு எடுத்த முடிவு இதுதான். பக்கத் தலைப்பில் ‘திருகோணமலை’ மட்டும். ‘திருக்கோணமலை’, ‘திருமலை’ இரண்டும் உடலுக்குள் இயல்பாக வருமிடத்தில் ஒரு தடவை. கன்னியாவுக்கு எப்போதும் ‘கன்னியா வெந்நீரூற்று’ என்று முழுப்பெயர். தனியே ‘கன்னியா’ என்றால் கன்னியாகுமரி வந்து குறுக்கே நிற்கும், கைத்தொலைபேசியில் தட்டுகிறவர் கிண்ணியாவுடனும் குழப்புவார். புறாமலைக்கு ‘புறாத்தீவு’ என்ற பெயரும் புழக்கத்தில் உண்டு, ஊரவர் ஒன்றையும் வெளியூரவர் மற்றொன்றையும் சொல்வதால் இரண்டும் வேண்டும். தலைப்பின் நீளத்தை எழுத்தெண்ணி அளக்க முடியாது. கூகுள் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது, தமிழ் எழுத்து அகலம். முக்கியமான சொல் முதல் நான்கு சொல்லுக்குள் வந்துவிட வேண்டும்.

மூன்று புறாமலைகள்

தளத்தில் புறாமலை பற்றி மூன்று கட்டுரைகள் இருந்தன: ஒரு பயண அனுபவம், ஒரு படத்தொகுப்பு, ஒரு ‘தெரிந்துகொள்ளுங்கள்’. மூன்றும் ஒரே தேடற்சொல்லுக்குப் போட்டி போட்டு, கூகுள் ஒரு வாரம் ஒன்றையும் மறுவாரம் மற்றொன்றையும் காட்டியது. சேர்ச் கொன்சோலில் ஒரு சொல்லைத் தெரிந்து ‘பக்கங்கள்’ பிரிவைத் திறந்தால் இது தெரிந்துவிடும், ஒரே சொல்லுக்கு இரண்டு, மூன்று முகவரி மாறி மாறி நிற்கும். மூன்றையும் ஒன்றாக்கி, அதிகம் இணைப்புப் பெற்றிருந்த முகவரியை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதற்கு 301 மூலம் திருப்புவதே சரி. ஒன்றான பக்கத்தில் இருக்க வேண்டியவை: நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர், 2003 முதல் தேசியப் பூங்கா, நுழைவுச்சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துடையது, படகுக் கூலி அதிலிருந்து வேறு, பவளப்பாறை மேல் நிற்கக்கூடாது. கட்டணத் தொகையைத் தலைப்பில் எழுதுவது ஒரு பொறி. கட்டணம் மாறியதும் தலைப்பே பொய்யாகிவிடும். தொகையைப் பக்கத்துக்குள் தனி வரியில் வைத்து, சரிபார்த்த திகதியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

எப்போது வெளியிடுவது? இந்தத் தளத்தின் மிகப் பெரிய பிழை இங்கேதான். படங்கள் கைக்கு வந்தபோது எழுதினார்கள், அதனால் புறாமலைக் கட்டுரை நவம்பரில் வெளியானது. கீழ்க்கரையில் அப்போது வடகீழ்ப் பருவக்காற்று, கடல் கொந்தளிப்பு, படகு கரையில். பருவகாலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. கூகுள் ஒரு புதிய பக்கத்தை எடுத்து, சோதித்து, ஓரிடத்தில் நிறுத்த வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குத் தேடுகிறவர் பங்குனியிலேயே தேடத் தொடங்கிவிடுவார். ஆகவே கடற்கரை, சுழியோடல், திமிங்கிலம் பார்த்தல் எல்லாம் ஜனவரியில் எழுதி முடிந்திருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு வேறு சரக்கு: சிவராத்திரி, கோணேசர் நகர்வலம், கன்னியா, கொழும்பு கோட்டையிலிருந்து வரும் இரவுப் புகையிரதம். முக்கியமான ஒன்று: கடந்த ஆண்டுப் பக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதாதீர்கள். அதே முகவரியில் புதுப்பியுங்கள். முகவரியில் ஆண்டை எழுதினால் அடுத்த ஆண்டு அது பழஞ்சோறு.

வட்ஸ்அப் என்ற வாகனம்

நம்மவர் லிங்கை அனுப்புவது வட்ஸ்அப்பில். அங்கே கட்டுரையை விற்பது முன்னோட்டப் படமும் தலைப்பும்தான். முன்னோட்டப் படம் 1200க்கு 630 பிக்சல், 300 கிலோபைட்டுக்குள். கைத்தொலைபேசியில் எடுத்த 4 மெகாபைட் படத்தை அப்படியே வைத்தால் முன்னோட்டத்தில் படம் வராமலே போகலாம். படத்தை மாற்றிய பிறகும் முகநூலில் பழையது வந்தால் ‘ஷெயாரிங் டிபகர்’ பக்கத்தில் முகவரியை இட்டு மீண்டும் வாசிக்கச் செய்ய வேண்டும். வட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பிய செய்தியின் முன்னோட்டம் மாறாது, ஆகவே அனுப்புமுன் தனக்குத்தானே அனுப்பிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்தவருக்கே செய்தி போகும். ‘அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை’ என்ற புகார்களில் பாதிக்குக் காரணம் இதுவே. குழு என்றால் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் காலை வணக்கப் படங்களுக்குள் கட்டுரை அமிழ்ந்துவிடும். சேனலுக்கு இந்த வரம்பும் இரைச்சலும் இல்லை, சேர்பவரின் எண்ணும் மற்றவருக்குத் தெரியாது. பெண் வாசகர் சேரத் தயங்காததற்கு அது ஒரு காரணம். சேனலில் வாரம் ஒன்று, கூடினால் இரண்டு. கடல் நிலவரம், பாதை மூடல் போன்ற உடனடிச் செய்திக்கு விதிவிலக்கு.

நேரம் பார்க்க வேண்டும். இந்தத் தளத்தின் வாசகரில் கணிசமானோர் ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊர் வருகிற புலம்பெயர்ந்தோர். இங்கே இரவு 8.30 என்றால் கோடைகாலக் கணக்கில் ரொறன்ரோவில் காலை 11.00, இலண்டனில் மாலை 4.00, பாரிஸில் மாலை 5.00. ஊரிலும் சாப்பிட்டுவிட்டுத் தொலைபேசியைக் கையிலெடுக்கும் நேரம் அதுவே. நான்கு இடத்துக்கும் ஒத்துவரும் நேரம் இதைவிட வேறில்லை.

வட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர், வருகையைக் கணக்கிடும் கூகுள் கருவியான அனலிட்டிக்ஸில் பெரும்பாலும் ‘நேரடி’ என்ற கணக்கில் விழுவார். யூ.டி.எம். ஒட்டு (எங்கிருந்து வந்தார் என்று காட்ட லிங்கின் வாலில் சேர்க்கும் குறிப்பு) இல்லாத லிங்க் அனுப்பினால், எது வேலை செய்தது என்று ஆண்டு முழுவதும் தெரியாது. மூலம், வழி, பெயர் ஆகிய மூன்று ஒட்டுக்களும் ஒரே எழுத்துமுறையில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும். பேரெழுத்தில் ஒரு தடவை, சிற்றெழுத்தில் ஒரு தடவை என்றால் இரண்டு வரிசையாகப் பிரிந்துவிடும். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மற்றதற்குப் போகும் லிங்கில் இந்த ஒட்டைப் போடக்கூடாது. போட்டால் உண்மையான மூலம் அழிந்துபோகும்.

பணம் போட்ட இடம்

முகநூலில் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவது இலகு. பொதுவாக அது விருப்பக்குறி போடும் பழக்கமுள்ளவரைத் தேடிப் போகும், பக்கத்தைத் திறப்பவரை அல்ல. விளம்பர மேலாளரில் இலக்கை ‘போக்குவரத்து’ என்றும் அளவை ‘லேண்டிங் பேஜ் வியூஸ்’ (பக்கம் திறந்த தடவை) என்றும் தெரிய வேண்டும். கணக்கையும் கடைசி வரை போட வேண்டும். நாளுக்கு 500 ரூபாய், 10 நாள், மொத்தம் 5,000. பக்கம் திறந்தவர் 250 என்றால் ஆளுக்கு 20 ரூபாய், மலிவாகத் தெரியும். அவர்களில் சேனலில் சேர்ந்தவர் 10 பேர் என்றால் ஒரு நிலையான வாசகரின் விலை 500 ரூபாய். அதே 5,000 ரூபாய்க்கு உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு மேசையில் வைக்கும் கியூ.ஆர். அட்டைகள் அச்சிட்டுக் கொடுத்தால், வருகிறவர் ஏற்கனவே ஊருக்குள் நிற்பவர், புறாமலைக்குப் போவது எப்படி என்று அன்றே கேட்பவர். அட்டைக்கே எமது வாக்கு. அதிலும் யூ.டி.எம். வேண்டும், விடுதிக்கு ஒன்றாக.

விடுதிகளிடம் கேட்க வேண்டிய இன்னொன்று அவர்களின் தளத்திலிருந்து ஓர் இணைப்பு. விலைக்கு வாங்கும் நூறு இணைப்பைவிட அந்த ஒன்று கனதியானது, வாங்குவது கூகுளின் விதிக்கும் புறம்பு. தளத்துக்குத் தனியாகக் கூகுள் வணிகப் பக்கம் எடுக்க முடியாது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்காத, இணையத்தில் மட்டும் இயங்கும் அமைப்புக்கு அதில் இடமில்லை.

பெயர்ந்த கட்டுரைகள்

கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஆங்கிலப் பயணக் குறிப்புகளை இயந்திரத்தால் தமிழாக்கி இட்ட பக்கங்களும் இருந்தன. திமிங்கிலம் ‘பார்க்கப்படுவதற்காக’ மக்கள் ‘பிரபலமாக’ வந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் இத்தகைய பெருந்தொகை உற்பத்தியைத் தனியாகவே பெயர்சொல்லிச் சேர்த்தது. இப்பக்கங்களில் பல சேர்ச் கொன்சோலில் ‘வாசிக்கப்பட்டது, அட்டவணையில் இல்லை’ என்ற நிலையில் கிடந்தன. திருத்தக்கூடியதைத் திருத்தி, மற்றவற்றை 410 (‘நிரந்தரமாக நீக்கப்பட்டது’ என்ற குறி) காட்டி நீக்குவதே வழி. எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி வேண்டாம். கூகுள் அதையும் ‘காணவில்லை’ என்றே எடுத்துக்கொள்ளும்.

படங்கள் பற்றிச் சுருக்கமாக: வெப்பி (WebP) வடிவம், அகலம் 1200 பிக்சல், உயரமும் அகலமும் பக்க நிரலில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் வாசிக்கும்போது வரிகள் துள்ளும். முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு. கொழும்பின் வைஃபையில் சோதிக்காமல், சாம்பல்தீவுப் பக்கம் கைத்தொலைபேசித் தரவில் திறந்து பாருங்கள்.

ஓராண்டு முடிவில் பார்க்க வேண்டியது மொத்த வருகை அல்ல, வரைபடத்தின் வடிவம். பனைமரங்களுக்கு இடையில் நிலம் உயர்ந்திருக்கிறதா, அதாவது எதையும் பகிராத நாளில் எத்தனை பேர் வருகிறார்கள். இந்த ஓர் எண்ணை மாதத்துக்கு ஒரு தடவை, பகிராத நாட்களின் சராசரியாக எழுதி வைத்தால் போதும். ஜூலையை ஜூனுடன் ஒப்பிட வேண்டாம், கடந்த ஆண்டு ஜூலையுடன் ஒப்பிட வேண்டும். அனலிட்டிக்ஸில் விரிவான ஆய்வுக்கான தரவு இயல்பாக 2 மாதமே தங்கும். அமைப்பில் அதை 14 மாதமாக மாற்றியிருந்தால்தான் அங்கே அந்த ஒப்பீடு கைகூடும், அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தீராத சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர் பலர். ‘கோவில்’ என்ற ஒரு சொல்லையே நான்கு விதமாகத் தட்டுகிறார்கள். அதற்காகத் தனிப் பக்கம் எழுதினால் வாசிக்கச் சகிக்காது. இப்போதைக்கு ஆங்கில எழுத்திலான முகவரியும், படத்தின் கோப்புப் பெயரும், ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவம் ஒரு தடவை உடலுக்குள் வருவதும் ஓரளவு கைகொடுக்கின்றன. திருமலை என்ற சொல்லோ இன்னமும் திருப்பதிக்கே போகிறது. தளம் அதைத் தலைப்புகளில் விட்டுவிட்டு, சேனல் செய்திகளில் மட்டும் வைத்திருக்கிறது. அங்கே வாசிப்பவர் ஊர்க்காரர்.